யாழுக்கு நரம்பு கட்டிய ஆசிரியர்: விபுலாநந்த அடிகளார் நினைவு

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் கூடியிருக்கும் இவ்வூர் கல்லால் பெயர் பெற்றது. இராசகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் சூழ நிற்கும் நம் கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராத்தியர் படைத்துறை சார்ந்த பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம்முடையது. அன்று நாம் அனைவரும் மகிழ்ந்தோம். கல் நிலைத்து நிற்கும். அதனைக் காண வருவோரும் வந்துகொண்டே இருப்பர். ஆனால் கல்லைப் போல் நிலைக்காத பாரம்பரியமும் ஒன்று உண்டு. அதுதான் ஒலி. கல்யாண மகாலின் அடுக்குகளை இன்றும் எண்ணிவிடலாம். அங்கே ஒலித்த இசையை எவராலும் எண்ண இயலாது. அவ்வாறு மறைந்துபோன ஓர் ஒலியைத் தேடித் தம் வாழ்நாளின் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். அவர் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளார்.

ஈழத்து மட்டக்களப்பில் பள்ளி நடத்திய ஒரு துறவியைச் செஞ்சியில் ஏன் நினைவுகூர வேண்டும் என்ற வினா உங்களுக்குள் எழலாம். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்ல விரும்புகின்றேன்.

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்திய பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவது. அவனது கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. இங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மலைபடுகடாம், கூத்தர் கூட்டத்தை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவது. அவனது செங்கண்மா, மேற்கே திருவண்ணாமலைக்கு அப்பாலுள்ள செங்கம். பெரும்பாணாற்றுப்படை, பேரியாழ் மீட்டும் பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்புவது. அவனது கச்சி நமக்கு வடக்கே உள்ளது. ஐந்தில் மூன்று நூல்கள் நம்மைச் சூழ்ந்த நிலத்தையே நோக்கி நடக்கின்றன. யாழைத் தோளில் சுமந்த பாணர் நடந்த நிலத்தின் நடுவில் நாம் குடியிருக்கிறோம். தேசிங்குராசன் கதையைப் பாடத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் நல்லியக்கோடனை அறிவோம்? இது பிறரைக் குறை கூறும் வினா அன்று. என்னையே நான் கேட்டுக்கொள்ளும் வினா.

இதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றேன். இருபதாண்டுகளுக்கு அருகில் தமிழ் கற்பித்து வருகின்றேன். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றேன். கோடு, பத்தர், திவவு, நரம்பு என்று யாழின் உறுப்புகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறியிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அது எப்படி ஒலிக்கும்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. "இனிமையாக ஒலிக்கும்" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். அவ்விடை அவளுக்கு நிறைவளிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, எனக்கும் நிறைவளிக்கவில்லை. நான் கேட்டறியாத ஒன்றை இனிமை என்று சொன்னேன். உரையாசிரியர் சொன்னதை நான் சொன்னேன். நான் சொன்னதை அவள் தேர்வில் எழுதினாள். இடையில் யாழ் எங்கும் இல்லை.

அன்று மாலை நூலகத்திலிருந்து யாழ் நூலை எடுத்துச் சென்றேன். அதற்கு முன்பும் அதனைப் புரட்டியதுண்டு. மேற்கோளுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் பார்த்ததுண்டு. அன்றுதான் அதனை ஓர் ஆசிரியர் எழுதிய நூலாகப் படிக்கத் தொடங்கினேன். அந்த மாணவியின் வினாவைப் போன்றதொரு வினா அவர் உள்ளத்தில் எழுந்திருக்க வேண்டும். அவர் அதனை அமரச் செய்யவில்லை.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் கிழக்கிலங்கையில் காரைதீவு என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஊர். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசித் திங்களில் அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடப்பெறும் வழக்கம் உண்டு. நம் மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலையும், இவ்வட்டாரத்தில் பாரதக் கூத்து நிகழும் இரவுகளையும் அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு காப்பியத்தை ஏட்டில் படிப்பதற்கு முன்பே காதால் கேட்டு வளரும் குழந்தைக்கு அது நூலாகத் தோன்றாது. ஊரில் நடந்த நிகழ்ச்சியாகவே தோன்றும். சிலப்பதிகாரத்தை அடிகளார் அணுகிய முறையில் இக்குழந்தைப் பருவத்தின் தடம் உண்டு என்பது என் எண்ணம்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கல்வி பெற்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறியவர்களுள் அவரே முதல்வர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியலாசிரியராகப் பணியாற்றினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பண்டிதர் பட்டமும் அறிவியல் பட்டமும் ஒருவரிடமே வந்து சேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். யாழ் நூலின் பிறப்பிற்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன.

1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். துறவு பூண்டவர் காட்டுக்குச் செல்வார் என்பது நம் பொது எண்ணம். இவரோ 1925இல் இலங்கைக்குத் திரும்பிப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மிஷனின் பள்ளிகள் அவர் கண்காணிப்பில் வளர்ந்தன. 1929இல் மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் மாணவர் இல்லமும் அங்கே அமைந்தது.

உறைவிடப் பள்ளியை நடத்துவது என்பது என்ன? இதனை நான் சிறிதளவு அறிவேன். ஏழாண்டுகள் மகளிர் விடுதியொன்றின் காப்பாளராக இருந்தவள் நான். காலையில் அரிசி வந்ததா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட வேண்டும். வீட்டிலிருந்து கடிதம் வராத பிள்ளையின் முகத்தைப் படிக்க வேண்டும். குழாயில் நீர் வராத நாளில் எல்லாருடைய கோபத்திற்கும் நாமே இலக்காக வேண்டும். இவற்றிற்கிடையே ஒரு கட்டுரை எழுத எனக்கு ஓராண்டு பிடித்தது. அதற்கும் விடுதியையே காரணம் காட்டினேன். அடிகளார் பல பள்ளிகளின் சுமையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டே இரவுகளில் கணக்கிட்டுக் கணக்கிட்டு ஒரு பெருநூலை எழுதினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வெட்கமும் வியப்பும் ஒருங்கே உண்டாகின்றன.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் வந்தார். அது ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உறையும் பல்கலைக்கழகம். அதன் இசைக்கல்லூரியில் பெரும் இசைவாணர்கள் ஆசிரியர்களாக விளங்கினர். பண்டிதர்கள் பலர் பாரதியைக் கவிஞராக ஏற்கத் தயங்கிய அந்நாளில், அடிகளார் அங்கே பாரதி பாடல்களைப் போற்றிப் பேசினார். வகுப்பு முடிந்த மாலைப் பொழுதுகளில் அருகிலுள்ள சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கச் சென்றார். இசைவாணர்களோடு பழகும் வாய்ப்பும் அவருக்கு அங்கே வாய்த்தது. யாழைப் பற்றிய தேடல் முறையான ஆராய்ச்சியாக உருப்பெற்றது இக்காலத்தில்தான். 1933இல் பதவியை விட்டு மீண்டும் இலங்கைப் பள்ளிகளுக்கே சென்றார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. 1939 முதல் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தபோதும் அது தொடர்ந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பின்னரும் தொடர்ந்தது.

இனி அவர் ஆராய்ந்த முறையைப் பார்ப்போம். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும் என்று கருதுகின்றேன்.

முதலாவது, இலக்கியம் பற்றியது. சிறுபாணாற்றுப்படையில் சீறியாழைப் பாடுமிடத்தில் ஓர் உவமை வருகின்றது. கருங்குரங்கு ஒன்று பாம்பைப் பிடித்திருக்கிறது. பிடிபட்ட பாம்பு அதன் கையைச் சுற்றி இறுக்குகின்றது, பின் நெகிழ்கின்றது. யாழின் கோட்டில் திவவு அவ்வாறு இறுகியும் நெகிழ்ந்தும் விளங்குகின்றது என்கிறார் புலவர். திவவு என்பதற்கு உரைகாரர் வார்க்கட்டு என்று பொருள் கூறினர். இதனை நானும் வார்க்கட்டு என்றே கற்பித்தேன். வார்க்கட்டு எதற்கு? அது ஏன் இறுகவும் நெகிழவும் வேண்டும்? நரம்பின் ஒரு முனை பத்தரில். மறுமுனை கோட்டைச் சுற்றிய வாரில். வாரை நெகிழ்த்தி மேலும் கீழும் நகர்த்தினால் நரம்பு தளரும், விறைக்கும். சுருதி இறங்கும், ஏறும். திவவு என்பது இசை கூட்டும் உறுப்பு. மியன்மார் நாட்டில் சவுங் என்னும் வில்வடிவ யாழை இன்றும் மீட்டுகின்றனர். அதன் வளைந்த கோட்டில் கயிறு சுற்றியே நரம்பை இழுத்துக் கட்டும் மரபு உண்டு. அக்கருவியின் படத்தைக் கண்டபோதுதான் குரங்கும் பாம்பும் எனக்கு விளங்கின. புலவர் அழகிற்காக மட்டும் உவமை சொல்லவில்லை. கருவி இயங்கும் முறையையும் சொல்லியிருக்கிறார்.

யாழும் வீணையும் ஒன்றே என்று எண்ணியோர் அந்நாளில் பலர். வீணையில் ஒரு நரம்பையே வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். வில்வழி வந்த யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலி. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புகளின் எண்ணிக்கையைப் பழைய உரை வகுத்துச் சொல்கின்றது. மகரயாழுக்கு 17 என்று சொல்வாரும் உளர். அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தன் நாணயத்திலும் வில்வடிவக் கருவியை மடியில் வைத்து மீட்டும் உருவங்கள் காணப்படுகின்றன. அடிகளார் யாழின் வரலாற்றை வில்யாழிலிருந்தே தொடங்கி, இக்கருவிகளின் வடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, கணிதம் பற்றியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழரின் ஏழு நரம்புகள். ஒரு நரம்பின் முழு நீளம் குரலாக ஒலிக்குமாயின், அதே நரம்பில் மூன்றில் இரு பங்கு இளியாக ஒலிக்கும். அதாவது இளியின் அதிர்வு குரலின் அதிர்வைப் போல் ஒன்றரை மடங்கு. இந்த இளியையே குரலாக வைத்து அதற்கோர் இளி, பின் அதற்கோர் இளி என்று பன்னிரண்டு முறை சென்றால், தொடங்கிய குரலுக்கே மேல்நிலையில் வந்து சேரவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். கணக்கிட்டுப் பாருங்கள். ஏழு நிலைகள் மேலேறிய குரல் 128 மடங்கு. பன்னிரண்டு இளிகள் தருவதோ 129.7 மடங்கு. வட்டம் மூடவில்லை. இச்சிறு இடைவெளியை எங்கே வைப்பது, எவ்வாறு பங்கிடுவது என்பதே உலகத்து இசை மரபுகள் அனைத்தும் எதிர்கொண்ட சிக்கல். ஒரு நிலையில் சுருதிகள் எத்தனை என்ற வினாவும் இதனோடு தொடர்புடையது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதி 24 என்று நிறுவ முயன்றார். அடிகளார் 22 என்றார். இருவரும் சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டனர். யார் கூறியது சரி என்று தீர்ப்பளிக்கும் இசைப்புலமை எனக்கில்லை. நான் கண்டு மகிழ்வது வேறொன்று. மருத்துவம் செய்த பண்டிதரும், அறிவியல் கற்பித்த அடிகளாரும், பழைய நூலின் சொல்லைக் கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய கூற்றாக மதித்தனர். போற்றுதல் ஒரு வகை மதிப்பு. சரிபார்த்தல் அதனினும் உயர்ந்த மதிப்பு. தவறாகவும் இருக்கக்கூடிய கூற்றையே நாம் சரிபார்ப்போம். அவ்வாறு சரிபார்க்கும்போது, அதனைச் சொன்னவரை அறிவுடையவராக, நம்மோடு உரையாடத் தக்கவராக ஏற்றுக்கொள்கின்றோம்.

யாழ் நூல் ஏழு இயல்களை உடையது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்பன அவை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறும் இருபத்தைந்து அடிகளுக்கு விரிவுரையாகவே இந்நூல் வளர்ந்தது. இருபத்தைந்து அடிகள், பதினான்கு ஆண்டுகள். அக்காதையின் அப்பகுதியை என் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன்.

1947ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக இந்நூல் அரங்கேறியது. ஞானசம்பந்தர் பாட ஓடம் ஆற்றைக் கடந்தது என்று வரலாறு கூறும் தலம் அது. சம்பந்தரோடு யாழ் மீட்டிச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பதை நினைத்தால் அத்தேர்வின் பொருத்தம் புலப்படும். நூலில் கண்டபடி செய்யப்பெற்ற யாழ்கள் அவைக்குக் கொண்டுவரப்பெற்றன. அடிகளாரின் கணக்குகளின்படி இசை கூட்டி, க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். நூலை அரங்கேற்றியவர் பலர். அதனோடு கருவியையும் அவையில் ஒலிக்கச் செய்து தம் கூற்றைக் கேட்போர் காதுக்கே விட்டுவிட்டவர் அரியர்.

அதன்பின் ஆறு வாரங்களும் சில நாள்களும் கழிந்தன. ஜூலை 19ஆம் நாள் அடிகளார் கொழும்பில் மறைந்தார். அவர் உடல் மட்டக்களப்பிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர், இதழாசிரியர், துறவி, இசையாய்வாளர் என்று பல நிலைகளில் வாழ்ந்தவர், இறுதியில் பள்ளிப் பிள்ளைகளின் நடுவிலேயே தங்கிவிட்டார்.

அன்பர்களே! இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அடிகளார் கச்சேரி மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவர் அல்லர். அவர் மீட்டெடுத்த யாழும் அரங்குகளுக்குத் திரும்பிவிடவில்லை. 1947க்குப் பின்னும் நம் மேடைகளில் வீணையும் வயலினும் தம்புராவுமே ஆண்டன. பழைய பாலைகளுக்கும் பண்களுக்கும் அவர் காட்டிய இணைகளைப் பின்வந்த அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அப்படியாயின் அவர் உழைப்பு வீணா என்று கேட்கலாம்.

நான் அப்படிக் கருதவில்லை. அதற்குக் காரணத்தை என் வகுப்பறையிலிருந்தே சொல்லி இவ்வுரையை நிறைவு செய்கின்றேன்.

யாழ் நூலைப் படித்த அடுத்த ஆண்டு, பெரும்பாணாற்றுப்படையின் முல்லை நிலப் பகுதியை நடத்த வேண்டியிருந்தது. ஆயன் ஒருவன் குழலூதிச் சலித்தபின், குமிழ மரத்தின் உட்டுளை உடைய கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து விரலால் தெறித்து வாசிக்கும் காட்சி அது. இம்முறை பொருள் கூறுவதற்கு முன், "இதனைச் செய்து பார்ப்போமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஆனால் வார இறுதி கழிந்து வந்தபோது மூன்று மாணவியர் கையில் பொருள்கள் இருந்தன. குமிழங்கொம்பு கிடைக்கவில்லை, மூங்கில் கொண்டு வந்திருந்தார்கள். மரலை நம் பக்கத்தில் மருள் என்பர். பாறை இடுக்குகளிலும் வேலியோரங்களிலும் அது வளரும். ஒருத்தியின் பாட்டி அதன் மடலை உரித்து, நாரெடுத்து, தொடையில் வைத்துத் திரித்துக் கொடுத்திருந்தார். ஆடு மேய்த்த காலத்தில் அந்த நாரில்தான் கயிறு திரிப்போம் என்று அம்மூதாட்டி சொன்னாராம். பட்டம் பெற்ற நான் அறியாததை எழுத்தறியாத அவர் விரல்கள் அறிந்திருந்தன.

வில்லை வளைத்து மூன்று நரம்புகள் கட்டினோம். தெறித்தால் கொசு பறப்பதுபோல் ஓர் ஒலி. மீண்டும் சிரிப்பு. அப்போது ஒருத்தி, வில்லுப்பாட்டில் வில்லோடு குடம் இருக்குமே என்றாள். சுரைக்குடுவை ஒன்றை வில்லின் அடியில் வைத்துக் கட்டினோம். ஒலி திரண்டு வந்தது. பத்தர் எதற்கு என்று நான் இருபதாண்டுகள் எழுதிப்போட்ட பொருளுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது. பின்னர் நரம்பு தளர்ந்து சுருதி இறங்கியது. முன்னொரு நாள் என்னிடம் "எப்படி ஒலிக்கும்?" என்று கேட்டவளும் அங்கே இருந்தாள். அவள் கோட்டில் சுற்றிய நார்க்கட்டைப் பிடித்து நெகிழ்த்தினாள், சற்று மேலே தள்ளினாள், இறுக்கினாள். ஒலி ஏறியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அம்மா, குரங்கும் பாம்பும்!" என்றாள்.

அது சங்கப் பாணரின் யாழ் அன்று. அவ்வாறு உரிமை கொண்டாட எனக்குத் துணிவில்லை. ஆனால் அன்று அவ்வகுப்பில் ஒரு சொல் உயிர்பெற்றது. அடிகளாரின் யாழ் மேடை ஏறாமற் போயிருக்கலாம். பழந்தமிழ்ச் சொல்லைக் கையால் செய்து, காதால் கேட்டு, கணக்கால் சரிபார்க்கலாம் என்று அவர் திறந்துவிட்ட வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் இளைஞர்கள் சிலர் யாழைப் புதிதாகச் செய்து மீட்டி வருவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வழியில் நடப்போர் இனியும் வருவர்.

பள்ளித் தலைவராகிய அடிகளாரும் யாழாசிரியராகிய அடிகளாரும் இருவேறு மனிதர் அல்லர் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவருக்கு, "இனிமையாக ஒலிக்கும்" என்று சொல்லித் தப்பிக்க இயலாது. வகுப்பில் தப்பித்தாலும் அடுத்த வேளைச் சோற்றுப் பந்தியில் அதே பிள்ளை எதிரே அமர்ந்திருக்கும். கேட்ட வினாவோடு கூடவே வாழும் வாழ்க்கை அது. அவ்வாழ்க்கையிலிருந்துதான், எதனையும் செய்து காட்டாமல் அமையாத அந்த நூல் பிறந்தது என்று நான் நம்புகின்றேன்.

நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாக இங்கே பேசியிருக்கிறோம், பேசியதைக் கேட்டிருக்கிறோம். பதினோராம் ஆண்டில் ஒரு மாலைப் பொழுதைப் பேச்சுக்கன்றிச் செவிக்கு ஒதுக்குவோம். யாழ் செய்யத் தெரிந்த ஒருவரை அழைப்போம். கிடங்கிலிலிருந்தும் செங்கத்திலிருந்தும் பிள்ளைகளை வரவழைப்போம். சிறுபாணாற்றுப்படையின் அந்தச் சில அடிகளைப் படித்துவிட்டு, அவை சொல்லும் கருவியை அவர்கள் கையில் கொடுப்போம். அதன்பின் அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு நம்மால் இயன்ற அளவு உண்மையான விடை கூறுவோம். விடை தெரியாதபோது, தேடுவோம் என்று சொல்வோம். பாணர் நடந்த வழியில் குடியிருப்போர் செய்யத்தக்க நன்றிக்கடன் அதுவே.